பட்டறையைப் பெயர்த்து ஊரை நட்டவர் லட்சுமணராவ் கிர்லோஸ்கர்

ஓரிடத்தில் பல்லாண்டுகள் நடந்துவந்த சிறு தொழிலை வேறோர் இடத்திற்குக் கொண்டு செல்வது எளிய செயலன்று. பழகிய வாடிக்கையாளர், கடன் கொடுத்தும் வாங்கியும் வந்த அண்டை அயலார், கைதேர்ந்த வேலையாட்கள், பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஆகிய அனைத்தும் பழைய இடத்தோடு பின்னிக் கிடக்கின்றன. தாமே விரும்பிப் பெயர்வோருக்கே இது துன்பம். பிறர் ஆணையால் பெயர நேர்ந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சாலை விரிவுக்காகக் கடையை இழந்தவர்களும், வாடகைக் கட்டடம் கைமாறியதால் தெருவுக்கு வந்தவர்களும் நம் உறவினரிடையே இல்லாமலில்லை.

அத்தகைய இக்கட்டு ஒன்றில், நாற்பது வயதைக் கடந்த நிலையில் அகப்பட்டுக்கொண்ட ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் காண்போம். அவர் லட்சுமணராவ் காசிநாத் கிர்லோஸ்கர். கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழும் நம் ஊர்களில் கிர்லோஸ்கர் என்னும் பெயரைக் கேளாதவர் அரியர். ஏற்றமும் கவலையும் ஓய்ந்து, எண்ணெய் இயந்திரமும் மின்சார இயந்திரமும் நீர் இறைக்கத் தொடங்கிய காலத்தில், தோட்டத்து இயந்திர அறையில் நாம் கண்ட பெயர்களுள் அதுவும் ஒன்று. ஆனால், அப்பெயருக்குப் பின்னே ஒரு மனிதர் இருந்தார் என்பதும், அவருடைய பட்டறை ஒரு காலத்தில் இருக்க இடமின்றி நின்றது என்பதும் பலரும் அறியாதவை.

பிறப்பும் கல்வியும்

லட்சுமணராவ் 1869ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், இன்றைய கர்நாடக மாநிலத்தின் பெல்காம் மாவட்டத்தைச் சேர்ந்த குர்லஹொசூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெல்காம் இப்போது பெலகாவி என்று வழங்கப்படுகிறது. தந்தையார் வேதாந்தம் கற்ற பண்டிதர். மகனும் தம் வழியிலேயே சாத்திரம் பயின்று வாழ வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனின் மனமோ ஓவியத்திலும் இயந்திரப் பொருள்களிலும் ஈடுபட்டிருந்தது. தந்தையின் விருப்பத்திற்கு மாறாக அவர் பம்பாய்க்குச் சென்று, 1885இல் ஜே. ஜே. ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். பணம் தந்து துணை நின்றவர் தமையனார் ராமுவண்ணா.

ஓவியம் பயின்று இரண்டாண்டுகள் சென்ற பின்னர், சில நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் தம் கண்களுக்கு இல்லை என்பது லட்சுமணராவுக்குத் தெரியவந்தது. ஓவியனாக விரும்பிய இளைஞனுக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன வேண்டும்? ஆயினும் அவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பவில்லை. நிறம் வேண்டாத வரைகலையும் அதே கல்லூரியில் கற்பிக்கப்பட்டது. இயந்திர உறுப்புகளை அளவு பிசகாமல் கோடுகளால் வரைந்து காட்டும் கலை அது. வண்ணத்தை விட்டுவிட்டு அவர் கோட்டைப் பற்றிக்கொண்டார். ஒரு வாயில் அடைபட்டால் அதே வீட்டின் மற்றொரு வாயிலைத் தேடும் இக்குணம் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வருவதைக் காண்கிறோம்.

ஆசிரியரும் மிதிவண்டியும்

வரைகலையில் தேர்ந்த லட்சுமணராவ், பம்பாயில் அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் அக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியரானார். ஓய்வு நேரங்களில் அவர் தொழிற்கூடங்களில் வேலை செய்து இயந்திரங்களின் இயக்கத்தை நேரில் கற்றார். தாளில் வரைவதையும் இரும்பில் செய்வதையும் ஒருங்கே அறிந்த ஆசிரியர்கள் எக்காலத்திலும் சிலரே. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவள் என்ற முறையில் இதனை இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். கற்பித்துக்கொண்டே கற்ற அந்த ஆண்டுகளே அவருடைய பிற்கால வாழ்வுக்கு அடித்தளமாயின.

அந்நாளில் மிதிவண்டி ஓர் அரிய பொருள். பம்பாய்த் தெருவில் ஒருவர் அதன்மீது ஏறிச் செல்வதை முதன்முறையாகக் கண்டபோது, அதில் ஒரு தொழில் ஒளிந்திருப்பதை லட்சுமணராவ் உணர்ந்தார். 1888இல் அண்ணனும் தம்பியுமாகப் பெல்காமில் ஒரு சிறிய மிதிவண்டிக் கடையைத் தொடங்கினர். தம்பி பம்பாயில் வண்டிகளை வாங்கி அனுப்புவார். அண்ணன் பெல்காமில் அவற்றை விற்பார், பழுது பார்ப்பார். ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு 15 ரூபாய் கட்டணம். அக்கடை இருந்த தெரு இன்று கிர்லோஸ்கர் சாலை என்று அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு கட்டத்தில் கல்விக்கூடத்தில் லட்சுமணராவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்கு வழங்கப்பட்டது. தகுதி தம்மிடம் இருந்தும் புறக்கணிக்கப்பட்டதாக உணர்ந்த அவர் பணியைத் துறந்தார். மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளத்தை விட்டுவிட்டுப் பெல்காமுக்கு வந்து அண்ணனோடு சேர்ந்தார். அவருடைய முதல் இடப்பெயர்ச்சி இது. அது அவராகத் தேர்ந்துகொண்டது.

விலைபோகாத கலப்பை

மிதிவண்டி விற்பது பிறர் செய்த பொருளை விற்பது. லட்சுமணராவுக்குத் தாமே பொருள் செய்ய வேண்டும் என்ற ஆவல் இருந்தது. சுற்றிலும் நோக்கினார். நாற்புறமும் உழவர்கள். அவர்களுக்கு எது பயன்படும் என்று எண்ணியபோது இரண்டு கருவிகள் அவருக்குத் தோன்றின.

ஒன்று, தீவனம் நறுக்கும் இயந்திரம். சோளத்தட்டையை முழுதாக மாட்டின் முன் போட்டால் அது மென்மையான பகுதியைத் தின்றுவிட்டுத் தடித்த தண்டை மிதித்துக் கழிக்கும். சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டால் கழிவு குறையும். பஞ்சகாலத்தில் இந்தச் சிக்கனம் மாட்டின் உயிரைக் காக்கும். மற்றொன்று, இரும்புக் கலப்பை. மரக்கலப்பை மண்ணைக் கீறிச் செல்வது. இரும்புக் கலப்பையோ கொழுவுக்கு மேலே வளைந்த தகடு ஒன்றைக் கொண்டது. அது மண்ணை ஆழமாக அறுத்துப் புரட்டிப் போடும். தக்காணத்துக் கரிசல் நிலத்தில் ஆழ வேரோடிய புல்லை அடியோடு எடுக்கவும், பெய்த மழையை மண்ணில் தேக்கி வைக்கவும் ஆழ்ந்த உழவு தேவை.

கருவி நல்லதுதான். வாங்குவோரைத்தான் காணவில்லை. இரும்பு படிந்தால் மண் நஞ்சாகிவிடும் என்று உழவர்கள் அஞ்சினர். முதல் கலப்பைகளை விற்பதற்கே இரண்டாண்டுகள் பிடித்தன என்று அவர் வரலாறு கூறுகிறது. நாம் அந்த உழவர்களை எள்ளி நகையாடலாகாது. ஆண்டுக்கு ஒரு மழையை நம்பிப் பயிர் வைப்பவன், பிழைத்தால் ஒரு குடும்பமே பட்டினி கிடக்க வேண்டும் என்பதை அறிந்தவன். புதியதை அவன் ஐயத்தோடு நோக்குவது இயல்பே. லட்சுமணராவும் அவர்களோடு வாதிட்டுக் காலம் கழிக்கவில்லை. கருவியைச் செய்துகொண்டே காத்திருந்தார். ஒருவர் வாங்கி உழுது பயன் கண்டார். அதைப் பார்த்து அடுத்தவர் வாங்கினார். இவ்வாறு நம்பிக்கை வயல் வயலாகப் பரவிற்று. பெல்காம், சாங்கலி, கோலாப்பூர்ப் பகுதிகளில் நம்மைப் போலவே ஏர்த்தொழிலில் வாழும் திகம்பர ஜைனக் குடும்பங்கள் மிகுதி என்பதை நம் வாசகர்கள் அறிவர். அந்த உழவர் உலகமே அவருடைய சந்தை.

வந்தது ஆணை

தொழில் சிறிது தலைநிமிரும் வேளையில் இடி விழுந்தது. பெல்காம் நகரம் விரிவடைந்துகொண்டிருந்தது. புதிய குடியிருப்புப் பகுதி அமைப்பதற்குப் பட்டறை இருந்த இடம் தேவைப்பட்டதால், அதனைக் காலி செய்யுமாறு நகராட்சி ஆணையிட்டது.

அவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வயது நாற்பது. மூத்த மகன் சந்தனுராவுக்கு வயது ஏழுகூட நிறையவில்லை. ஆசிரியப் பணியை விட்டு ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. திரும்பிச் செல்ல வழியில்லை. இரும்பை உருக்கும் உலை, வார்ப்பட அச்சுகள், கடைசல் இயந்திரம் முதலிய கனத்த கருவிகளைக் கடைச்சரக்கைப் போல மூட்டை கட்ட இயலாது. புதிய இடம் வாங்கவோ கையில் போதிய முதல் இல்லை. பட்டறை மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வருவாய் இல்லாத நாள். வேலையாட்களின் வீட்டு அடுப்போ நாள்தோறும் எரிந்தாக வேண்டும். பட்டறையை விற்றுவிட்டு மீண்டும் மிதிவண்டிக் கடையோடு நின்றிருந்தால், அதை ஒருவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

ஔந்து மன்னரின் உதவி

இந்நிலையில் கைகொடுத்தவர் ஔந்து சிற்றரசின் ஆட்சியாளர் பவன்ராவ் ஸ்ரீநிவாசராவ் பந்த் பிரதிநிதி. மக்கள் அவரைப் பாலாசாகேப் என்று அழைத்தனர். 1909இல் ஆட்சிக்கு வந்த இவர் தாமே ஓவியர். கலைப்பொருள்களைத் தேடிச் சேர்த்து ஔந்தில் காட்சிச்சாலை கண்டவர். சூரிய நமஸ்காரப் பயிற்சியை மக்களிடையே பரப்பியவர். பின்னாளில், நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, காந்தியடிகளின் அறிவுரையோடு தம் ஆட்சி அதிகாரத்தை மக்களிடமே ஒப்படைக்க முன்வந்த அரிய மன்னரும் இவரே.

லட்சுமணராவின் திறமையையும் நேர்மையையும் அறிந்திருந்த பாலாசாகேப், தம் ஆட்சி எல்லைக்குள் விரும்பும் இடத்தில் தொழிற்கூடம் அமைத்துக்கொள்ள நிலம் தர இசைந்தார். அத்துடன் 10,000 ரூபாயை வட்டியில்லாக் கடனாகவும் கிடைக்கச் செய்தார். நம் கருத்தில் பதிய வேண்டிய செய்தி இங்கே ஒன்று உண்டு. இவ்வுதவி இடுக்கண் வந்த நாளில் வந்ததாயினும், அதனை ஈட்டியது அதற்கு முந்தைய பல ஆண்டுகளின் நடத்தை. நற்பெயர் என்பது ஏட்டில் எழுதாத முதல். இடத்தையும் பொருளையும் இழக்கும் நாளில் அம்முதலே வந்து தாங்குகிறது.

கள்ளிக்காட்டைத் தேர்ந்த காரணம்

லட்சுமணராவ் தேர்ந்த நிலம் குண்டல் ரோடு என்னும் சிறிய இரயில் நிலையத்தின் அருகே இருந்தது. இன்று அது மகாராஷ்டிர மாநிலத்தின் சாங்கலி மாவட்டத்தில் அடங்கும். பரப்பு 32 ஏக்கர். எங்கும் கள்ளிப்புதர். நாகப்பாம்புகள் குடியிருந்த வறண்ட பூமி. கண்டவர் எவரும் இங்கே பட்டறை வைப்பது பித்தர் செயல் என்றே எண்ணியிருப்பர்.

ஆனால் அந்த நிலத்திற்கு ஒரு சிறப்பு இருந்தது. அது இருப்புப்பாதையை ஒட்டியிருந்தது. பூனாவிலிருந்து சாத்தாரா, மிரஜ் வழியாகப் பெல்காமுக்குச் செல்லும் பாதை அது. நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மதராஸ்–தென்மராட்டா இரயில்வே அதனை நடத்திவந்தது. பழைய ஊரும் புதிய இடமும் ஒரே இருப்புப்பாதையில் அமைந்திருந்தமை கனத்த தளவாடங்களைக் கொண்டுசெல்வதற்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு! வார்ப்பிரும்பும் நிலக்கரியும் வந்து இறங்கவும், செய்து முடித்த கலப்பைகள் ஊர் ஊராகச் செல்லவும் அப்பாதையே உதவும். அழகான மனை, நிழலான தெரு, பெரிய ஊர் ஆகியவற்றை அவர் நாடவில்லை. தொழிலுக்கு உயிரானது எது என்று எண்ணி, அதனை மட்டும் உறுதி செய்துகொண்டு, மற்றவற்றை உழைப்பால் உண்டாக்கிக்கொள்ளலாம் எனத் துணிந்தார். இடம் தேடுவோர் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்து இடர்ப்படுவதைக் காண்கிறோம்.

1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கே புதிய குடியிருப்பு தொடங்கப்பட்டது. கிர்லோஸ்கர்வாடி என்னும் பெயர் அதற்கு அமைந்தது. பின்னர் இரயில் நிலையமும் அப்பெயரையே பெற்றது.

உடன் வந்தோர்

இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது இனிச் சொல்லப்போகும் செய்திதான். அந்தக் கள்ளிக்காட்டுக்கு லட்சுமணராவ் தனியே செல்லவில்லை. 25 தொழிலாளர்கள் தத்தம் குடும்பத்தோடு அவரைப் பின்தொடர்ந்தனர். பெல்காம் பெரிய ஊர். அங்கே கைத்தொழில் அறிந்தவனுக்கு வேறு வேலை கிடைக்காமற் போகாது. அப்படியிருக்க, மனைவி மக்களை அழைத்துக்கொண்டு, பாம்பு திரியும் பொட்டலுக்கு ஏன் சென்றனர்?

அவருடன் நின்றவர்கள் யார் யார் என்று பார்த்தால் விடை விளங்கும். ஊரமைப்பையும் நிருவாகத்தையும் அண்ணன் ராமுவண்ணா ஏற்றார். சம்புராவ் ஜாம்பேகர் தொழிற்கூடத்தின் மேலாளரானார். மங்கேஷ்ராவ் ரேகே கணக்கைக் கவனித்தார். அனந்தராவ் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அந்த இளைஞர் லட்சுமணராவின் பட்டறையில் கற்பனை வளமிக்க பொறியாளராக மலர்ந்தார். கே. கே. குல்கர்ணியும் தேர்வில் தோற்றவர். எவ்வேலை தந்தாலும் செய்து முடிக்கும் வல்லவராக, வெளியாரோடு பழகித் தொழிலின் புகழைப் பரப்புபவராக விளங்கினார். மதிப்பெண் பட்டியலைக் கொண்டு பிள்ளைகளை அளந்து பழகிய நம்மைப் போன்ற ஆசிரியர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி இது. வண்ணம் தெரியாத கண்களோடு ஓவியக் கல்லூரியில் நின்றவர் அல்லவா அவர்? ஒன்றில் தோற்றவன் அனைத்திலும் தோற்றவனல்லன் என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார்.

இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. துக்காராம் ராமோஷி, பிர்யா மாங் என்னும் இருவர் கொள்ளைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர்கள். ஊரார் அவர்களைக் கண்டால் கதவை அடைப்பர். லட்சுமணராவ் அவர்களையே குடியிருப்பின் இரவுக் காவலர்களாக அமர்த்தினார். அவர்களும் அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமாகவே விளங்கினர். மேலும், தீண்டாமை ஊரெங்கும் கோலோச்சிய அக்காலத்தில், கிர்லோஸ்கர்வாடியில் அதற்கு இடமில்லை என்று அவர் விலக்கினார். பழைய ஊரில் வேரோடிய தீமைகளைப் புதிய ஊருக்குச் சுமந்து செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். இடம் பெயர்வதில் இப்படியும் ஒரு நன்மை உண்டு.

சாதியையும் சான்றிதழையும் கேளாமல், பழங்குறையைச் சுட்டிக் காட்டாமல், கைத்திறனையும் மனத்தையும் மதித்த ஒருவரை விட்டுப் பிரிய அத்தொழிலாளர்களுக்கு மனம் வரவில்லை என்றே கொள்ள வேண்டும். அவர் பெயர்த்தெடுத்த பொருள்களுள் விலைமதிப்பற்றது இம்மனிதர்களின் கூட்டமே. உலையை வேறிடத்தில் கட்டிவிடலாம். ஒருவர் குறிப்பறிந்து ஒருவர் வேலை செய்யும் பழக்கத்தைக் கட்டியெழுப்பப் பல்லாண்டுகள் வேண்டும்.

காடு ஊரான கதை

கள்ளியை வெட்டி அகற்றுவதும், தங்க இடம் அமைப்பதும், உலையை மூட்டுவதும் ஒருசேர நடக்க வேண்டியிருந்தன. மேலைநாடுகளில் தொழிற்சாலை முதலாளிகள் தொழிலாளருக்கென நல்ல குடியிருப்புகளை அமைத்திருந்த செய்தியை லட்சுமணராவ் படித்திருந்தார். அத்தகைய ஊர் ஒன்றைத் தாமும் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. பெல்காமின் நெருக்கமான தெருவில் அது கைகூடியிருக்காது. இடத்தைப் பறித்த ஆணையே அக்கனவுக்கு வழி திறந்தது. நம் நாட்டில் தொழிற்சாலையைச் சூழத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்புகளுள் மிக முற்பட்டவற்றுள் ஒன்றாகக் கிர்லோஸ்கர்வாடி இன்றும் எண்ணப்படுகிறது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இரும்பும் பிற மூலப்பொருள்களும் அருகின. அதே வேளையில் வெளிநாட்டுக் கலப்பைகளின் வரவும் தடைப்பட்டமையால் உள்நாட்டுக் கலப்பைக்குத் தேவை பெருகியது. ஒரு கையால் நெருக்கிய காலம் மறு கையால் வாய்ப்பையும் நீட்டியது. 1920இல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் என்னும் பெயரில் அது வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவாயிற்று. நிறுவனத்தின் பெயரிலேயே சகோதரர்கள் இருப்பதை நோக்குக. தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அண்ணனை அப்பெயர் என்றும் நினைவூட்டி நிற்கிறது.

அதே 1920ஆம் ஆண்டில் அச்சிற்றூரிலிருந்து ஒரு மராத்தி இதழும் வெளிவரத் தொடங்கியது. தொழிற்கூடத்தின் செய்திகளை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும் எளிய ஏடாகத் தோன்றிய அதனை, லட்சுமணராவின் உடன்பிறந்தார் மகனான சங்கரராவ் கிர்லோஸ்கர் புகழ்பெற்ற இலக்கிய, சமுதாய இதழாக வளர்த்தார். பெண்களுக்கென ஸ்த்ரீ என்னும் இதழ் 1930இல் தோன்றியதும் அங்கிருந்துதான். கலப்பை செய்த ஊரே கருத்தையும் விளைவித்தது.

ஒரு விதையிலிருந்து பல மரங்கள்

மூத்த மகன் சந்தனுராவ் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் பொறியியல் பயின்று, 1926இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். நீர் இறைக்கும் விசைக்குழாய்களின் உற்பத்தியும் அக்காலத்திலேயே தொடங்கியது. நிலத்தை உழக் கருவி தந்தவர்கள், அடுத்து அந்நிலத்திற்கு நீர் தரும் கருவியையும் செய்தனர். உழவனின் தேவையைத் தொடர்ந்து சென்றதால் தொழிலும் தொடர்ந்து வளர்ந்தது.

முன்பு ஒரே பட்டறைக்கு இடம் தேடி அலைந்த குடும்பம், பிற்காலத்தில் தானே விரும்பிப் புதிய இடங்களில் கிளை பரப்பியது. மைசூர் அரசின் எல்லைக்குள், துங்கபத்திரைக் கரையிலுள்ள ஹரிஹரில் 1941இல் இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. 1946இல் பூனாவில் எண்ணெய் இயந்திரத் தொழிற்சாலையும் பெங்களூரில் மின்பொறித் தொழிற்சாலையும் தோன்றின. நம் தோட்டங்களை வந்தடைந்த இயந்திரங்களின் பூர்வீகம் இவையே.

துன்பமும் இல்லாமல் இல்லை. 1948இல் காந்தியடிகள் கொல்லப்பட்டதை அடுத்து மராட்டியப் பகுதியில் மூண்ட கலவரத்தில் கிர்லோஸ்கர்வாடியும் தீக்கு இரையாகிச் சேதமுற்றது. முப்பத்தெட்டு ஆண்டுகள் பாடுபட்டு எழுப்பியது எரிவதை எண்பதை நெருங்கிய முதுமையில் காண நேர்ந்தது அவருக்கு. ஆயினும் தொழிற்சாலை மீண்டும் எழுந்தது. மனிதர்களின் கூட்டம் குலையாதிருந்தால் சுவர்களை மறுபடியும் எழுப்பிவிடலாம் என்பது இரண்டாம் முறையாக மெய்ப்பட்டது.

லட்சுமணராவ் 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், தம் 87ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த நூறாம் ஆண்டான 1969இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது. சந்தனுராவ் பின்னாளில் எழுதிய தன்வரலாற்று நூலின் பெயரிலேயே கள்ளியும் ரோஜாவும் இடம்பெற்றுள்ளன. ஏழு வயதில் கள்ளிக்காட்டில் வந்து இறங்கிய சிறுவனின் நினைவு அத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது. கிர்லோஸ்கர்வாடியில் இன்றும் விசைக்குழாய்த் தொழிற்சாலை இயங்கி வருகிறது.

நாம் கொள்ளத்தக்கவை

நம் குடும்பங்களும் இடம் பெயர்ந்து வருபவையே. நிலத்தை விட்டு நகரத்திற்கும், ஒரு நகரத்தை விட்டு மற்றொன்றிற்கும், பிள்ளைகளை நாடி அயல்நாட்டிற்கும் செல்கிறோம். சிறு கடையோ, அச்சகமோ, அரிசி மண்டியோ நடத்துவோர் தொழிலையும் உடன் கொண்டு செல்ல நேர்கிறது. அத்தகையோர் இவ்வரலாற்றிலிருந்து சிலவற்றைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, புதிய இடத்தில் அனைத்தும் அமைந்திருக்க வேண்டும் என எதிர்பாராமல், தம் தொழிலுக்கு இன்றியமையாதது எதுவென்று ஆராய்ந்து அதனை மட்டும் விடாது பற்றுதல். லட்சுமணராவுக்கு அது இருப்புப்பாதை. ஒரு மளிகைக் கடைக்கு அது மக்கள் நடமாட்டமாக இருக்கலாம். ஓர் அச்சகத்திற்கு அருகிலுள்ள பள்ளிகளாக இருக்கலாம்.

இரண்டாவது, நம்மிடம் வேலை செய்வோரைச் சுமையாகக் கருதாமல் முதலாகக் கருதுதல். கடையை மாற்றும்போது பழைய வேலையாட்களுக்குக் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டு, புதிய ஊரில் குறைந்த கூலிக்கு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் உளர். அவர்கள் எதை இழந்தோம் என்பதைப் பின்னரே உணர்வர். நாம் பெயர்ந்து செல்கையில் எத்தனை பேர் தாமாக முன்வந்து நம்முடன் வருவார்கள் என்பதே நாம் முதலாளியாக நடந்துகொண்ட முறைக்குக் கிடைக்கும் மதிப்பெண்.

மூன்றாவது, இடர் வரும் முன்பே நேர்மையைச் சேமித்து வைத்தல். வங்கியில் இட்ட பணத்தைக் காட்டிலும் அது விரைந்து உதவுகிறது.

பெல்காம் நகராட்சியின் ஆணை வந்த நாளில், அதனை நற்செய்தி என்று எவரும் லட்சுமணராவிடம் கூறியிருக்க முடியாது. அவரும் அவ்வாறு கருதியிருக்க மாட்டார். வந்த இடரை மனத்திற் கொண்டு வருந்திக்கொண்டிராமல், உடனிருந்தோரை அழைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார். ஓர் ஊர் உருவாயிற்று. தொழில் தொடங்கும் நம் இளைஞர்களும், அவர்களைப் பெற்றோரும் இந்தப் பெருந்தகையின் வரலாற்றை இல்லத்தில் கூடியிருக்கும் வேளையில் படித்துப் பேசுவார்களாயின், அதுவே இக்கட்டுரைக்குக் கிடைக்கும் பயன்.